மூழ்கிய கப்பலிலிருந்து நுவரெலியா வரை: ஓர் அமுக்கநீக்க நோய் நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவின் நோக்கம்

கல்குடாவுக்கு அப்பால் கடலடியில் கிடக்கும் ஒரு கப்பலைப் பார்க்கச் சென்ற மலையகக் குழுவில் ஒருவர், வீடு திரும்பிய இரவில் இடது கையும் வலது காலும் மரத்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டார். கடலில் அவர் விதிகளை மீறவில்லை. ஆழ எல்லையைத் தாண்டவில்லை. வேகமாக மேலே ஏறவும் இல்லை. நோய் வந்தது வீட்டுக்குப் போகும் வழியில். சுழியோடும்போது உடலில் கரைந்த நைதரசன், சுற்றியுள்ள அமுக்கம் குறையும்போது குமிழியாவதால் வருவதே அமுக்கநீக்க நோய்.

மலையகத்திலிருந்து கிழக்குக் கடலுக்குச் செல்லும் இளைஞர்கள் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே வருகிறார்கள். அவர்களுக்கு முதலுதவி கற்பிப்பவன் என்ற முறையில் இந்தக் குழுவினர் நால்வரிடமும் தனித்தனியாகப் பேசினேன். அவர்களுடைய டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் பதியும், கையில் கட்டும் கருவி) பதிவுகளையும், பாதிக்கப்பட்டவரின் சிகிச்சைக் குறிப்புகளையும் அவர்கள் விருப்பத்துடன் பார்த்தேன். பெயர்களையும் தோட்டங்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். நேரங்கள் பதிவுகளில் உள்ளவை.

குழுவும் திட்டமும்

நால்வரும் நண்பர்கள். பாதிக்கப்பட்டவர் பள்ளி ஆசிரியர், வயது 38, வீடு நுவரெலியா நகருக்கு அருகில். அவருடைய சித்தப்பா மகன் ஹோட்டல் ஊழியர், வயது 30, அதே ஊர். மூன்றாமவர் கந்தப்பளை மரக்கறி வியாபாரி, 41 வயது, வேன் அவருடையது. நான்காமவர் வளைகுடா நாடொன்றில் வேலை செய்து திரும்பியவர், 34 வயது, பதுளையில் குடியிருப்பவர். நால்வரும் சுழியோடும் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றவர்கள். 30 மீற்றர் வரை செல்லும் தகுதியும் அவர்களுக்கு இருந்தது.

தென்மேற்குப் பருவமழை மலையகத்தை நனைக்கும் ஜூன் மாதத்தில் கிழக்குக் கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும். முதலில் அவர்கள் ஆசைப்பட்டது மட்டக்களப்புக்கு அப்பால் கிடக்கும் எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் கப்பலுக்கு. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் மூழ்கி, முந்நூறுக்கும் மேற்பட்ட மாலுமிகளின் கல்லறையாகிவிட்டது. அது கிடக்கும் ஆழம் 50 மீற்றருக்கும் கூடுதல். பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கான உச்ச எல்லை 40 மீற்றர். இவர்களுடைய தகுதி அதற்கும் குறைவு. படகுக்காரர் சொன்னதும் மறுபேச்சின்றி அந்த ஆசையை விட்டார்கள். அதே நாளில் அதே தாக்குதலில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்த் தாங்கிக் கப்பலைத் தேர்ந்தார்கள். தலைகீழாகக் கவிழ்ந்து கிடக்கும் அந்தக் கப்பலின் அடிப்பகுதி சுமார் 24 மீற்றர் ஆழத்தில் இருக்கிறது. அவர்களுடைய தகுதிக்கு ஏற்ற இடம்.

ஆழத்தைப் பொறுத்தவரை சரியான முடிவு எடுத்த குழு இது என்பதை முதலிலேயே சொல்லிவிட விரும்புகிறேன். “கவனமில்லாத பயல்கள்” என்று ஒதுக்கிவிட்டால் இதில் கற்க ஒன்றும் இருக்காது.

ஈட்டித் துப்பாக்கி

பயணத்தைப் பற்றி முதலில் பேசியபோது இது மீன் வேட்டையாகத்தான் இருந்தது. வளைகுடாவிலிருந்து வந்தவர் அங்கே விடுமுறை நாட்களில் ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடித்துப் பழகியவர். ஒன்றை ஊருக்கும் கொண்டு வந்திருந்தார். மூழ்கிய கப்பல் என்றால் இரும்பு இடுக்குகளில் களவாய் மீன் நிற்கும், அதன் மேலே பாரை கூட்டமாகச் சுற்றும். வேட்டைக்கு ஏற்ற இடம் என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை.

இலங்கையில் ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிப்பது தடை. இது அவருக்குத் தெரியாது. பொதியைப் பார்த்த படகுக்காரர், “தம்பி, இது படகுல ஏறாது. புடிச்சாங்க எண்டா என்ட படகுதான் போகும்” என்று சொல்லி இறக்கி வைத்துவிட்டார். துப்பாக்கி கரையிலேயே தங்கியது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், உடல் சார்ந்த காரணமும் இதில் உண்டு. சிலிண்டரோடு வேட்டையாடுபவர் மீனைத் துரத்தி மேலும் கீழுமாகப் போவார், உடல் உழைப்பு கூடும், மூச்சு கூடும். இரண்டுமே நைதரசன் கணக்கைக் கெடுப்பவை. துப்பாக்கி ஏறாததால் இந்தக் குழுவின் ஆழப் பதிவுகள் ஒழுங்காக அமைந்தன.

ஆனால் வேட்டை ஆசை முழுதாக அடங்கவில்லை. சனிக்கிழமை முதல் இறக்கத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில், படகில் ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில், வளைகுடாக்காரர் சிலிண்டர் இல்லாமல் மூச்சைப் பிடித்துப் பலமுறை இறங்கி ஏறினார். சிலிண்டரோடு சுழியோடிய பின் அப்படி மூச்சடக்கி இறங்குவது தவிர்க்க வேண்டிய செயல். உடலில் அப்போது இருக்கும் நுண்குமிழிகளை நுரையீரல் வடிகட்டிக்கொண்டிருக்கும். மறுபடி ஆழம் போனால் அவை சுருங்கி, அந்த வடிகட்டியைத் தாண்டிப் போகக்கூடும். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. “நான் செஞ்சேன், எனக்கு ஒண்ணும் வரலையே” என்ற பேச்சுதான் அடுத்தவரை நோயாளியாக்குகிறது. அவர் தப்பியதை யாரும் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

கடலில் இரண்டு நாட்கள்

சனிக்கிழமை இரண்டு இறக்கங்கள், ஞாயிற்றுக்கிழமை இரண்டு. எல்லாமே சாதாரணக் காற்று நிரப்பிய சிலிண்டரில். ஒவ்வொன்றிலும் உச்ச ஆழம் 22 முதல் 24 மீற்றர், நீருக்கடியில் இருந்த நேரம் 35 நிமிடத்தை ஒட்டி. கப்பலின் அடியில் தொடங்கி, கவிழ்ந்த உடலை ஒட்டியபடி மெல்ல மேலே வந்து, 5 மீற்றரில் மூன்று நிமிடம் நின்று ஏறினார்கள். நால்வரின் கம்ப்யூட்டரிலும் எச்சரிக்கை எதுவும் பதிவாகவில்லை.

ஆசிரியரைப் பற்றிச் சில குறிப்புகள் மட்டும். ஞாயிறு காலை கடல் சற்று அசைந்தது. குமட்டலுக்குப் பயந்து அவர் காலையில் தேநீர் தவிர எதுவும் குடிக்கவில்லை. படகிலிருந்து கரைக்குச் சிலிண்டர்களைச் சுமந்ததும் பெரும்பாலும் அவர்தான். நீர் குறைந்த உடல், சுழியோடியதும் கடும் உழைப்பு. இரண்டும் ஆபத்தைக் கூட்டுபவை. ஆனால் இவை இரண்டும் இல்லாமல் இருந்திருந்தாலும், பின்னால் வந்தது வராமல் இருந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

ஞாயிறு கடைசி இறக்கத்திலிருந்து மேலே வந்த நேரம் முற்பகல் 11.20.

கம்ப்யூட்டரில் தெரிந்த விமானப் படம்

சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஹோட்டல் ஊழியர் தன் கையிலிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார். திரையில் சிறிய விமானப் படமும் மணிக்கணக்கும் தெரிந்தன. விமானத்தில் ஏறக் கூடாத நேரம் இன்னும் எவ்வளவு மீதி இருக்கிறது என்று காட்டும் குறி அது.

“அண்ணே, இதுல ப்ளேன் படம் வந்துருக்கு பாருங்க.”

“நம்ம என்ன ப்ளேன்லயா போறோம்? வேன்லதானே போறோம்” என்றார் மரக்கறி வியாபாரி.

அவர் சொன்னதில் தவறு காணும் அளவுக்கு அங்கிருந்த யாருக்கும் விவரம் தெரியவில்லை. இந்த நிகழ்வில் முடிவு எடுக்கப்பட்ட இடம் இதுதான். மற்றவையெல்லாம் இதன் விளைவு.

சுழியோடும்போது அமுக்கம் கூடுவதால் நைதரசன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெல்ல மெல்ல வெளியேறுகிறது. சில திசுக்களிலிருந்து நிமிடங்களில் போய்விடும், சிலவற்றிலிருந்து போகப் பல மணி நேரம் ஆகும். வெளியேறி முடியும் முன் சுற்றியுள்ள காற்றமுக்கம் குறைந்தால், எஞ்சிய வாயு குமிழியாகிறது, இருக்கிற குமிழி பெரிதாகிறது. அமுக்கம் குறைவது விமானத்தாலா வேனாலா என்பதை உடல் பார்ப்பதில்லை.

சுழியோடிய பின் விமானம் ஏறுவது பற்றி டைவர்ஸ் அலேர்ட் நெட்வொர்க் அமைப்பு 2002இல் நடத்திய கருத்தரங்கிலிருந்து வந்த பரிந்துரை இன்றும் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. ஒரேயொரு இறக்கம் என்றால் குறைந்தது 12 மணி நேரக் காத்திருப்பு, பல இறக்கங்கள் அல்லது பல நாட்கள் என்றால் 18 மணி நேரம், ஆழத்தில் கட்டாய நிறுத்தங்கள் தேவைப்பட்ட இறக்கம் என்றால் அதற்கும் கணிசமாக மேலே. இந்தப் பரிந்துரை எந்த உயரங்களுக்குப் பொருந்தும் என்பதை மலையகத்தார் ஒவ்வொருவரும் குறித்துக்கொள்ள வேண்டும்: 2,000 அடி முதல் 8,000 அடி வரை, அதாவது ஏறத்தாழ 610 முதல் 2,440 மீற்றர் வரை. விமானத்தின் உள்ளே பேணப்படும் அமுக்கம் அந்த உயரங்களுக்குச் சமமானது என்பதால் அப்படி வகுத்தார்கள். நுவரெலியா நகரம் 1,868 மீற்றரில் இருக்கிறது. அட்டன் 1,271 மீற்றர். பதுளை 680 மீற்றரை ஒட்டியது. நம் ஊர்கள் பலவும் அந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. கண்டி நகரம் 500 மீற்றர் அளவில் நின்று அதற்கு வெளியே தப்புகிறது.

சுழியோடும் நிலையத்தில் நிரப்பிய படிவத்தில் “அடுத்த விமானப் பயணம் எப்போது” என்ற கேள்வி இருந்தது. நால்வரும் “இல்லை” என்று எழுதினார்கள். உண்மையான பதில்தான். வீடு எந்த உயரத்தில் என்று படிவம் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் இருந்தது. பிற்பகல் 1 மணிக்குப் புறப்பட்டார்கள்.

செங்கலடியிலிருந்து நுவரெலியா வரை

பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதி கம்பளை, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா வழியாகச் செங்கலடியில் முடிகிறது. கடல் மட்டத்திலிருந்து நாட்டின் உயர்ந்த நகரங்களில் ஒன்று வரை நேராக ஏற்றிவிடும் வீதி. பாதி வழி சமதரை, மீதி வளைவும் ஏற்றமும்.

பிபிலை வரை ஆசிரியர் பின் இருக்கையில் தூங்கினார். லுணுகலை தாண்டிப் பசறைக்கு ஏறும்போது, மாலை 5 மணி அளவில், இடது தோளில் வலி தொடங்கியது. சிலிண்டர் தூக்கிய கை. யாருக்கும் வேறு எண்ணம் வரவில்லை. பதுளையில் தேநீர் குடித்தபோது தோளை அழுத்திப் பார்த்தார். அழுத்தினால் வலி கூடவில்லை, அசைத்தாலும் பெரிதாகக் கூடவில்லை. உள்ளே ஆழத்தில் ஒரே சீராக வலித்தது. தசை பிடித்திருந்தால் அழுத்தும்போதோ அசைக்கும்போதோ தெரியும். இது வேறு வகை வலி என்பதற்கு அதுவே முதல் அடையாளம்.

வளைகுடாக்காரர் பதுளையில் இறங்கிக்கொண்டார். மற்ற மூவரும் மேலே சென்றார்கள். வெலிமடையை நெருங்கும்போது ஆசிரியரின் இடது கை விரல்களில் ஊசி குத்துவது போல் இருந்தது. “அண்ணே, கை மரத்துப் போற மாதிரி இருக்கு” என்று வியாபாரியிடம் சொன்னார். கையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்கியதால் என்று அவரே காரணமும் சொல்லிக்கொண்டார். ஹக்கலை ஏற்றத்தில் குளிர் கூடியதால் கண்ணாடிகளை ஏற்றிவிட்டார்கள்.

இரவு 8.30க்கு நுவரெலியா. கடைசியாக நீரிலிருந்து ஏறி 9 மணி 10 நிமிடம் ஆகியிருந்தது. காத்திருக்க வேண்டிய நேரத்தில் பாதி.

இரவு

வீட்டில் ஆசிரியரின் மனைவி சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தார். குளித்துவிட்டுத் தோளில் சித்தாலேப தேய்த்துக்கொண்டார். வழக்கமான தோள்வலிக்கு நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். அமுக்கநீக்க நோயில் சூடு வலியைச் சற்று மாற்றிக் காட்டி ஏமாற்றும், குமிழி உருவாவதையும் தூண்டக்கூடும். குளித்தபோது வயிற்றில் சிவப்பும் நீலமும் கலந்த பளிங்கு போன்ற திட்டுகள் இருந்ததை மனைவி பார்த்தார். கடல் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று இருவரும் நினைத்தார்கள். கூடவே, வழக்கத்துக்கு மாறான அலுப்பு. சாப்பிடக்கூட உட்கார முடியவில்லை.

10 மணிக்குப் படுத்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் தோள்வலி மாறவில்லை.

அதிகாலை 2.20க்கு எழுந்து கழிப்பறைக்கு நடந்தபோது வலது கால் தரையில் பதிவது தெரியவில்லை. சுவரைப் பிடித்து நடந்தார். சிறுநீர் முட்டியது, ஆனால் போகவில்லை. மனைவி உடனே ஹோட்டல் ஊழியரைத் தொலைபேசியில் எழுப்பினார். அவருக்கு மதியம் பார்த்த விமானப் படம் நினைவுக்கு வந்தது. சுழியோடும் நிலையத்தின் பயிற்றுநரை அந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டார். பயிற்றுநர் ஒரே மூச்சில் சொன்னவை இவை: படுக்கவையுங்கள், ஒட்சிசன் கொடுக்கச் செய்யுங்கள், அவருடைய டைவ் கம்ப்யூட்டரைக் கையோடு கொண்டு போங்கள், “பெண்ட்ஸ்” (அமுக்கநீக்க நோயின் ஆங்கில வழக்குப் பெயர்) என்ற சொல்லை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.

அந்தக் கடைசி அறிவுரை பல மணி நேரத்தை மிச்சப்படுத்தியது. நுவரெலியாவில் நள்ளிரவில் கைகால் மரத்து ஒருவர் வந்தால், முந்தின நாள் அவர் 24 மீற்றர் ஆழக் கடலில் இருந்திருப்பார் என்று எந்த வைத்தியரும் ஊகிக்க நியாயமில்லை.

வைத்தியசாலையில் எடுத்த முடிவுகள்

3.15க்கு முச்சக்கரவண்டியில் வைத்தியசாலை சேர்ந்தார்கள். கடமையிலிருந்த வைத்தியர் இந்த நோயை நேரில் பார்த்திராதவர். ஆனாலும் கேட்டதைக் காது கொடுத்துக் கேட்டார், கம்ப்யூட்டரில் பதிவுகளைப் பார்த்தார், சந்தேகத்தின் பேரிலேயே ஒட்சிசனைத் தொடங்கினார். பை இணைந்த, வெளிமூச்சு திரும்பாத முகமூடியில் நிமிடத்துக்கு 15 லீற்றர். நோயாளியின் இரத்த ஒட்சிசன் அளவு ஏற்கெனவே நன்றாகத்தான் இருந்தது. இங்கே ஒட்சிசன் கொடுப்பது அந்த எண்ணை உயர்த்துவதற்காக அல்ல. மூச்சில் நைதரசனே இல்லாமல் செய்தால், உடலிலுள்ள நைதரசன் வேகமாக வெளியேறும். அதனால் எண் 98 காட்டினாலும் முகமூடியைக் கழற்றக் கூடாது. தாதி ஒருவர் கழற்றப் போனபோது வைத்தியர் தடுத்து விளக்கியதை மனைவி நினைவில் வைத்திருந்தார்.

தலையையோ காலையோ உயர்த்தாமல் நேராகப் படுக்கவைத்தார்கள். நரம்பு வழியாகச் சேலைன் ஏற்றினார்கள். சிறுநீர்க்குழாய் போட்டதும் ஒரு லீற்றருக்கு அருகில் வெளியேறியது. உணர்ச்சி குறைந்த பகுதியின் எல்லையை வைத்தியர் தோலில் பேனாவால் கோடிட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதினார். பின்னால் பார்த்தவர்களுக்கு நோய் கூடியதா குறைந்ததா என்பதை அந்தக் கோடு சொன்னது. கையில் பேனா இருக்கும் எவரும் செய்யக்கூடிய, மிகப் பயனுள்ள வேலை.

வலிக்கு எண்டனொக்ஸ் வாயு கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது அவர் மறுத்துவிட்டார். அதிலுள்ள நைதரச ஒட்சைட்டு குமிழிகளுக்குள் புகுந்து அவற்றைப் பெரிதாக்கும். அமுக்கநீக்க நோய் என்ற ஐயம் இருந்தாலே அதைத் தரக் கூடாது.

இதற்கு உரிய சிகிச்சை அமுக்க அறை. திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் அது இருக்கிறது. தொலைபேசியில் பேசி, ஏற்றுக்கொள்ளச் சம்மதம் பெறப்பட்டது.

எந்த வீதியால் இறங்குவது

நான் இங்கே சற்று நின்று எழுத விரும்புகிறேன். சமதரை ஊர்களின் முதலுதவிக் கையேடுகளில் இது இருக்காது.

ஹெலிகொப்டர் பற்றி முதலில் யோசித்தார்கள். இருட்டு, மலை, ஜூன் மாத மூடுபனி. பறந்தாலும் மலைத்தொடரைத் தாண்ட இன்னும் உயரம் போக வேண்டும். இந்த நோயாளியை வானில் கொண்டு போவதானால் 300 மீற்றருக்குக் கீழே பறப்பதே விரும்பத்தக்கது. நுவரெலியாவிலிருந்து அது நடக்காத காரியம். அம்பியுலன்ஸ்தான்.

சாரதி சொன்ன வழி ரம்பொடை, கம்பளை, கண்டி. தூரம் குறைந்த வழி அதுதான். ஆனால் நுவரெலியா ஒரு கிண்ணத்துக்குள் இருக்கும் நகரம். ரம்பொடைப் பக்கம் போக முதலில் டொப்பாஸ் வரை ஏற வேண்டும், பிறகுதான் இறக்கம். நரம்பில் பாதிப்பு தொடங்கிவிட்ட ஒருவரைச் சில நிமிடங்களுக்குக்கூட இன்னும் மேலே ஏற்ற வைத்தியர் விரும்பவில்லை. நானுஓயா, தலவாக்கலை, அட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று போனால் தூரம் கூடும், நடு உயரத்தில் கழியும் நேரமும் கூடும். ஆனால் புறப்பட்ட உயரத்தை எங்கும் தாண்ட வேண்டியதில்லை. வழியெங்கும் வைத்தியசாலைகளும் உண்டு. அந்த வழியைத் தேர்ந்தார்கள். டொப்பாஸ் ஏற்றம் குறுகியது, அதன் பிறகு உயரம் மளமளவென்று குறையும், முழு ஒட்சிசனோடு அதில் போயிருந்தாலும் தவறில்லை என்று வாதிடலாம். அனுபவமுள்ள ஒருவர் என்னிடம் அப்படியே சொன்னார். நான் வைத்தியரின் பக்கம். நோய் கூடிக்கொண்டிருக்கும் நேரத்தில் தெரிந்தே அமுக்கத்தைக் குறைப்பதற்கு, வழியில் மிச்சமாகும் நேரம் ஈடாகாது.

அடுத்தது ஒட்சிசன் கணக்கு. நிமிடத்துக்கு 15 லீற்றர் என்றால் மணிக்கு 900 லீற்றர். எட்டு மணி நேரப் பயணத்துக்கு 7,200 லீற்றர். 680 லீற்றர் கொள்ளும் சிறிய சிலிண்டர் 45 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அம்பியுலன்ஸில் இருந்தது போதாது என்று புறப்படும் முன்பே கணக்கிட்டு, இன்னொரு பெரிய சிலிண்டரை ஏற்றினார்கள். கண்டியில் மாற்றுவதற்கும் சொல்லி வைத்தார்கள். பாதி வழியில் ஒட்சிசன் தீர்ந்து நின்றிருந்தால் இந்தப் பதிவின் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

5 மணிக்குப் புறப்பட்டது அம்பியுலன்ஸ். கினிகத்தேனை இறக்கத்தில் தோள்வலி குறையத் தொடங்கியது என்று ஆசிரியர் சொன்னார். மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை வழியாகப் பிற்பகல் 12.45க்குத் திருகோணமலை. நீரிலிருந்து ஏறி ஒரு முழு நாளும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமும் கடந்திருந்தன.

சிகிச்சையும் அதன் பின்னும்

அமுக்க அறையில் நோயாளியை 18 மீற்றர் ஆழத்துக்குச் சமமான அமுக்கத்துக்கு, அதாவது 2.8 வளிமண்டலத்துக்கு, கொண்டு சென்று இடைவெளி விட்டு விட்டுத் தூய ஒட்சிசன் கொடுத்து, படிப்படியாக வெளியே கொண்டு வருவார்கள். அமெரிக்கக் கடற்படையின் ஆறாம் சிகிச்சை அட்டவணை எனப்படும் இது, நீட்டிப்பு இல்லாமலே நாலே முக்கால் மணி நேரம் எடுக்கும். ஆசிரியருக்கு முதல் அமர்விலேயே தோள்வலி முழுதாக நின்றது, கால் தரையில் பதிவது தெரிந்தது. எஞ்சிய மரமரப்புக்காக அடுத்தடுத்த நாட்களில் குறுகிய அமர்வுகள் கொடுக்கப்பட்டன. சிறுநீர்க்குழாய் அகற்றப்பட்டது. வலது பாதத்தின் வெளிப்புறத்தில் மட்டும் மெல்லிய உணர்ச்சிக் குறைவு சில வாரங்கள் இருந்து மறைந்தது.

சிகிச்சை முடிந்தும் அவரால் வீட்டுக்குப் போக முடியவில்லை. நரம்பு பாதிக்கப்பட்டுத் தேறியவர் குறைந்தது 72 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. அவருக்கு வீடே விமான உயரத்தில் இருந்தது. திருகோணமலையில் ஓர் உறவினர் வீட்டில் தங்கினார், பிறகு கண்டியில் தங்கை வீட்டில் ஒரு வாரம், அதன் பிறகே நுவரெலியா. இந்த இடைத்தங்கலை யாரும் அவருக்குக் கட்டாயமாக்கவில்லை. வைத்தியர்களிடம் கேட்டு, மனைவிதான் திட்டமிட்டார்.

இதயத்தின் மேலறைகளுக்கு இடையிலான சுவரில் பிறவியிலிருந்து மூடாத சிறு வழி பெரியவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு உண்டு. தோல் திட்டும் நரம்புப் பாதிப்பும் வந்தவர்களிடம் அதைத் தேடிப் பார்ப்பது வழக்கம். கொழும்பில் செய்த ஸ்கேனில் அவருக்கு அது இல்லை என்று தெரிந்தது.

மற்ற மூவரையும் விசாரித்தேன். வியாபாரிக்கு அந்த இரவு அளவுக்கு மீறிய களைப்பு, மறுநாள் சந்தைக்குப் போக முடியவில்லை. வேன் ஓட்டிய அலுப்பாக இருக்கலாம், குமிழியாகவும் இருக்கலாம். ஹோட்டல் ஊழியருக்கு எதுவும் இல்லை. பதுளையில் இறங்கியவருக்கும் இல்லை.

காரணம் பற்றி

கடல் மட்டத்தில் காற்றமுக்கம் 1 வளிமண்டலம். நுவரெலியாவில் அது ஏறத்தாழ 0.8. அமுக்கம் ஐந்தில் ஒரு பங்கு குறையும்போது ஏற்கெனவே இருக்கும் குமிழியின் கன அளவு கால்பங்கு கூடுகிறது, கரைந்திருக்கும் வாயு வெளியே வரத் துடிக்கும் வேகமும் கூடுகிறது. வலி தொடங்கியது பசறை ஏற்றத்தில், மரமரப்பு வெலிமடைப் பகுதியில், நடை தடுமாறியது 1,868 மீற்றரில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் கழிந்த பின், வலி குறைந்தது இறங்கும் வழியில். இந்த வரிசை உயரத்தையே சுட்டுகிறது. கடல் மட்டத்தில் தங்கியிருந்தாலும் அவருக்கு இலேசாக ஏதேனும் வந்திருக்குமா என்பதை ஒரே ஒரு நிகழ்வை வைத்துத் தீர்க்க இயலாது. இதே அளவு சுழியோடிய ஒருவருக்கு நோய் வந்தது, ஒருவருக்கு வரவில்லை. இந்த நோயின் இயல்பு அப்படி. ஆனால் கல்குடாவில் அன்றிரவு தங்கியிருந்தால், எது வந்திருந்தாலும் அமுக்க அறை அரை நாள் வீதி தூரத்தில் இருந்திருக்காது.

மாற வேண்டியவை

இந்தக் குழுவினர் இப்போது பின்பற்றும் முறையையே மற்றவர்களுக்கும் சொல்கிறேன். வார இறுதியில் நான்கு இறக்கங்கள் என்ற திட்டத்தை விட்டுவிட்டார்கள். சனிக்கிழமை காலை இரண்டு, அத்தோடு முடிவு. ஞாயிறு காலை வரை கரையில் தங்கிப் புறப்பட்டாலே 18 மணி நேரம் தாண்டிவிடும். இவர்கள் 24 மணி நேரம் வைத்துக்கொள்கிறார்கள். கூடுதல் இறக்கங்கள் வேண்டுமென்றால் போயா விடுமுறையோடு சேர்ந்த நீண்ட வார இறுதிக்குக் காத்திருக்கிறார்கள். தவிர்க்க முடியாமல் அன்றே கிளம்ப வேண்டியவர் பொலன்னறுவை, தம்புள்ளை வழியாகக் கண்டி வரை வந்து அங்கே இரவு தங்கலாம். பதுளை வழியைத் தொடக் கூடாது. நைட்ரொக்ஸ் (ஒட்சிசன் கூட்டி நைதரசன் குறைத்த காற்று) கிடைக்குமிடத்தில் அதைப் பயன்படுத்தினால் ஆபத்து குறையும், ஆனால் காத்திருக்கும் நேரத்தை அதற்காகக் குறைக்கக் கூடாது.

கம்ப்யூட்டரில் விமானப் படம் இருக்கும்வரை வேன் புறப்படுவதில்லை. புறப்படும் முன் ஒவ்வொருவரையும் கேட்கிறார்கள்: மூட்டில் வலி, மரமரப்பு, தோலில் திட்டு, காரணமற்ற அலுப்பு ஏதாவது இருக்கிறதா என்று. ஒருவருக்கு இருந்தாலும் மலை ஏறுவதில்லை, ஒட்சிசனைத் தேடுகிறார்கள். வழியில் தொடங்கினால் வண்டியைத் திருப்பிக் கீழே இறங்க வேண்டும். பசறை ஏற்றத்தில் தொடங்கிய வலிக்குப் பிபிலைக்கு இறங்கியிருக்கலாம். அம்பியுலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தை அங்கிருந்தே அழைத்திருக்கலாம்.

சுழியோடும் நிலையங்களுக்கு ஒரு வேண்டுகோள். விமானம் பற்றிய கேள்விக்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள்: “இன்று இரவு எந்த ஊரில் தூங்குவீர்கள்?” நுவரெலியா, அட்டன், பண்டாரவளை, ஹப்புத்தளை, மஸ்கெலியா என்று பதில் வந்தால் அவருக்கும் விமானக் கணக்குதான். இந்தக் குழு சென்ற நிலையம் அந்த வரியைச் சேர்த்துவிட்டது. மலையக வைத்தியசாலைகளின் அவசரப் பிரிவுகளில், கைகால் மரத்து வருபவரிடம் கேட்கும் கேள்விகளோடு “கடந்த இரண்டு நாளில் கடலில் சுழியோடினீர்களா” என்பதையும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலாவது சேர்க்கக் கேட்டு, வைத்தியர்களுடன் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆசிரியர் இப்போது சுழியோடுவதில்லை. அது அவராக எடுத்த முடிவு. மருத்துவர்கள் தடுக்கவில்லை. அடுத்த ஜூனில் மற்ற மூவரும் கல்குடா போனபோது அவரும் கூடவே போனார். கரையில் இருந்து நேரங்களைக் குறித்துவைத்தவரும், ஞாயிறு காலை வேனை எத்தனை மணிக்கு எடுக்கலாம் என்று சொன்னவரும் அவர்தான்.